டயட்டும் தலைமுடியும்: மூணு மாசம் கழிச்சு வர்ற பில்

"முடி கொட்டுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. சுத்தி இருக்கிற பத்து பேரும் டாக்டர் ஆயிடுவாங்க. போர் தண்ணி தான் காரணம்னு ஒருத்தர், ஷாம்பூவை மாத்துன்னு ஒருத்தர், ஹெல்மெட், நைட் ஷிப்ட், டென்ஷன், "எண்ணெயே வைக்கிறதில்ல, அப்புறம் எப்படி நிக்கும்?"னு ஒரு பெரியம்மா. எல்லாம் வரும். ஒரு கேள்வி மட்டும் வராது. "மூணு மாசத்துக்கு முன்னாடி நீ ஒழுங்கா சாப்பிட்டியா?"

இந்தப் பதிவு அந்த ஒரு கேள்வியோட சரித்திரம். பட்டினி கிடந்தா முடி கொட்டும்ங்கிறது கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கு. ஆனா அதைக் கண்டுபிடிச்சு, பேர் வச்சு, எழுதி வைக்க மருத்துவ உலகத்துக்கு இருபதாம் நூற்றாண்டுல முக்கால்வாசி தேவைப்பட்டுச்சு. ஏன் இவ்வளவு லேட்? அதுல தான் சுவாரசியமே இருக்கு.

வெள்ளிக் கிண்ணத்தில் முடி

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். செல்லப் பேர் சிசி. 1837ல பிறந்தவங்க. 1898ல ஜெனீவா ஏரிக்கரையில ஒரு இத்தாலிய அனார்கிஸ்ட் கூரான அரத்தால குத்திக் கொன்னான். வியன்னா போறவங்க இன்னிக்கும் ஹோஃப்பர்க் அரண்மனையில இவங்க பேர்ல இருக்கிற மியூசியத்துக்குப் போகாம வர்றதில்ல.

இந்த அம்மாவுக்கு வாழ்க்கையில இரண்டு பெரிய கவலைகள். ஒண்ணு எடை. உயரம் 172 சென்டிமீட்டர். எடையோ 50 கிலோவை ஒட்டியே, சில சமயம் அதுக்கும் கீழே. அதைத் தாண்டக் கூடாதுன்னு தினமும் எடை பார்த்திருக்காங்க. சாப்பாடுன்னு பார்த்தா சில நாள் பால் மட்டும், சில நாள் ஆரஞ்சு மட்டும், சில நாள் பச்சை மாட்டிறைச்சியைப் பிழிஞ்சு எடுத்த சாறு. அரண்மனையிலேயே உடற்பயிற்சிக்கு வளையமும் கம்பியும் மாட்டி வச்சிருந்தாங்க. மணிக்கணக்கா குதிரை, மணிக்கணக்கா நடை.

இன்னொரு கவலை முடி. கணுக்கால் வரைக்கும் தொங்கும் கூந்தல். அதைச் சீவி முடிக்கவே தினமும் இரண்டு மூணு மணி நேரம். இதுக்குன்னே வியன்னாவோட பெரிய நாடக அரங்குல சிகை அலங்காரம் பண்ணிட்டு இருந்த ஃபேனி ஆங்கரர்ங்கிற பொண்ணை அரண்மனைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. தலை சீவுற நேரத்துல சிசி கிரேக்க மொழி படிப்பாங்க. அப்படிப் பாடம் சொல்லிக் கொடுத்த கிறிஸ்டோமானோஸ் பின்னாடி தன் குறிப்புகளைப் புத்தகமா போட்டார். சீவி முடிச்சதும் உதிர்ந்த முடியை எல்லாம் ஒரு வெள்ளிக் கிண்ணத்துல வச்சு ராணிகிட்ட காட்டணுமாம். அதிகமா இருந்தா அன்னிக்கு முழுக்க மூடு அவுட். அதனால ஃபேனி உதிர்ந்த முடியை ஏப்ரனுக்குள்ள ஒட்டி மறைச்சிடுவாங்கன்னு ஒரு கதையும் உண்டு.

அந்த அறையில நடந்ததைக் கொஞ்சம் யோசிங்க. ஒரு பக்கம் எடைக் கணக்கு, இன்னொரு பக்கம் முடிக் கணக்கு. ரெண்டும் தினசரிக் கணக்கு. ஒரே உடம்போட கணக்கு. ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருந்தா? பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்காது. ஏன்னா இன்னிக்கு உதிர்ந்த முடியை இன்னிக்குச் சாப்பாட்டோட ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது. மூணு மாசத்துக்கு முந்தின பக்கத்தைத் திருப்பணும். அப்படித் திருப்பணும்னு சொல்ற அறிவியலே அன்னிக்குக் கிடையாது.

(சிசிக்கு முடி கொட்டினது டயட்டால தான்னு நான் தீர்ப்பு சொல்லலை. எல்லாருக்கும் தினமும் கொஞ்சம் முடி உதிரும். கணுக்கால் நீளத்துக்கு இருந்தா பத்து முடியே பந்து மாதிரி தெரியும். கடைசிக் காலத்துல அவங்க கால் வீங்கியிருந்தது பட்டினியால வந்த வீக்கம்னு பார்த்த டாக்டர் எழுதி வச்சிருக்கார். அந்த அளவுக்கு இருந்தது பட்டினி.)

எலி முடியிலிருந்து ஒரு கணக்கு

முடி வளர்றது ஒரு சுழற்சிங்கிறதுக்கு இன்னிக்கு டாக்டர்கள் பயன்படுத்தற பேர்கள் 1926ல வந்தது. வச்சவர் டிரை. எலியோட ரோமத்தை ஆராய்ச்சி பண்ணினவர். வளர்ற காலம் அனாஜன். வளர்ச்சி நின்னு சுருங்குற காலம் கேட்டஜன். சும்மா ஓய்வெடுக்கிற காலம் டெலோஜன். இந்த டிரை அப்புறம் நியூசிலாந்து போய் ஆட்டு ரோமத்துல இறங்கிட்டார். அங்க டிரைஸ்டேல்னு ஒரு ஆட்டு இனமே அவர் பேர்ல இருக்கு.

நம்ம தலையில சுமார் 1 லட்சம் முடி. ஒவ்வொண்ணும் தனி வண்டி, தனி டைம்டேபிள். ஒரு முடி 2 முதல் 6 வருஷம் வளரும். அப்புறம் இரண்டு மூணு வாரம் சுருங்கும். அப்புறம் மூணு மாசம் போல ஓய்வு. ஓய்வுல இருக்கிற முடி வேர் காய்ஞ்சு, ஆனா விழாம, தலையிலேயே குந்திட்டு இருக்கும். அடியில புது முடி முளைச்சு வரும்போது தான் பழசு கழண்டு விழும்.

சாதாரண நாள்ல சுமார் 10 சதவீதம் முடி ஓய்வுல இருக்கும். அதாவது 10,000 முடி. இது நூறு நாள்ல விழுந்து முடியணும். வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 100. டாக்டர்கள் "தினமும் 50ல இருந்து 100 முடி உதிர்றது சகஜம்"னு சொல்றதுக்கு அர்த்தம் இது தான்.

இப்ப உடம்புக்குப் பெரிய அடி ஒண்ணு விழுது. டைபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன், இல்ல திடீர்னு சாப்பாடு நிக்குது. உடம்பு உடனே செலவுக் கட்டுப்பாட்டுல இறங்கும். இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்தே ஆகணும். முடி ஆடம்பரம். முடி வேர்ல இருக்கிற செல்கள் உடம்புலயே ரொம்ப வேகமா பெருகுற செல்கள்ல சேர்த்தி, அதனால செலவும் அதிகம். "நீங்க எல்லாம் கொஞ்ச நாள் லீவுல போங்கப்பா"ன்னு வளர்ந்துட்டு இருக்கிற முடியில ஒரு பங்கை ஓய்வுக்கு அனுப்பிடும். 10 சதவீதம் 30 சதவீதம் ஆச்சுன்னு வைங்க. 30,000 முடி, நூறு நாள். தினமும் 300.

ஆனா இந்த 300 எப்போ விழும்? அடி விழுந்த அன்னிக்கு இல்ல. ஓய்வுக் காலம் முடிஞ்ச பிறகு. இரண்டு மூணு மாசம் கழிச்சு. அதுக்குள்ள காய்ச்சல் மறந்து போயிருக்கும். டயட் முடிஞ்சு பிரியாணியே சாப்பிட ஆரம்பிச்சிருப்போம்.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது பழக்கமான தலைவலி. ஜனவரியில யாரோ பண்ணின மாற்றத்துக்கு ஏப்ரல்ல சர்வர் படுக்கும். எல்லாரும் ஏப்ரல்ல என்ன மாத்தினோம்னு தேடிட்டு இருப்போம்.

நம்ம பாட்டிகள் இந்த இடைவெளியைக் கவனிச்சிருக்காங்க. "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்"னு ஊர்ல சொல்வாங்க. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறது இரண்டு மூணு மாசத்துல. பிரசவத்தால ஓய்வுக்குப் போன முடி விழ ஆரம்பிக்கிறதும் அப்போ தான். காலண்டர் கரெக்ட், காரணம் தான் தப்பு. பாவம் குழந்தை, அது சிரிச்சதுக்கு மேல பழி!

இந்த மாதிரி முடி கொட்டுறதுக்கு "டெலோஜன் எஃப்ளூவியம்"னு பேர் வச்சவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட தோல் டாக்டர் ஆல்பர்ட் கிளிக்மன். வருஷம் 1961. காரணம் எதுவா இருந்தாலும் முடி வேர் காட்டுற எதிர்வினை ஒண்ணு தான்னு சொன்னது தான் அவரோட பெரிய பங்களிப்பு. இதே கிளிக்மன் பிலடெல்பியா ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மேல வருஷக்கணக்கா சோதனைகள் நடத்தி, அதுக்காக அந்தப் பல்கலைக்கழக மருத்துவத் துறை 2021ல மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அறிவியல் சரித்திரத்துல இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்தே தான் வருது.

ஸ்டேடியத்துக்குள்ள 36 பேர்

கிளிக்மனுக்கு முன்னாடியே, பட்டினி உடம்பை என்ன பண்ணும்னு ஒரு முழு வருஷம் உட்கார்ந்து பார்த்த ஒருத்தர் இருந்தார். அன்சல் கீஸ். மினசோட்டா பல்கலைக்கழகம். 1944 நவம்பர். இரண்டாம் உலகப்போர் முடியப் போகுது, ஐரோப்பா முழுக்க பட்டினி. பட்டினி கிடந்தவங்களுக்கு மறுபடி எப்படிச் சாப்பாடு கொடுத்து தேத்துறதுன்னு யாருக்கும் தெரியலை. தெரிஞ்சுக்கணும்னா யாரையாவது பட்டினி போட்டுப் பார்க்கணும்.

மனசாட்சிக்கு விரோதமா துப்பாக்கி தூக்க மாட்டோம்னு சொல்லி ராணுவத்துக்குப் பதிலா பொது வேலையில இருந்த இளைஞர்கள்கிட்ட ஒரு துண்டுப் பிரசுரம் போச்சு. மூணு சின்னக் குழந்தைங்க காலிக் கிண்ணத்தோட நிக்கிற படம் போட்டு, இவங்க நல்லா சாப்பிட நீங்க பட்டினி கிடப்பீங்களான்னு கேட்ட பிரசுரம். வந்தவங்கள்ல 36 பேரைத் தேர்ந்தெடுத்து பல்கலைக்கழக ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள்ள இருந்த ஆய்வுக்கூடத்துல தங்க வச்சாங்க.

முதல் 12 வாரம் நாளைக்கு 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் அதுல பாதி, சுமார் 1,570. உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைகோஸ், ரொட்டி, மாக்கரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்கணும். சராசரி எடை 69 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு இறங்குச்சு.

எல்லாருக்கும் குளிர் தாங்கலை. தலை சுத்தல். கால் வீக்கம். சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பே இல்ல, சமையல் புத்தகம் வாங்கிச் சேர்த்தவங்க உண்டு. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 55ல இருந்து 35க்கு வந்துச்சு. இதயமே அளவுல சுருங்குச்சு. அந்தப் பட்டியல்ல ஒரு மூலையில சின்னதா இதுவும் இருந்தது: முடி உதிருது.

1950ல கீஸ் குழு இதை எல்லாம் இரண்டு பெரிய வால்யூமா வெளியிட்டாங்க. ஆயிரம் பக்கத்துக்கு மேல. அவ்வளவு பெரிய துயரத்துக்கு நடுவுல முடியை யார் கவனிப்பாங்க?

அந்த 1,570ங்கிற நம்பரை மட்டும் மறக்காதீங்க. விஞ்ஞானிகள் அதுக்கு வச்ச பேர் "அரைப்பட்டினி". இன்னிக்கு இன்டர்நெட்ல "ஒரே மாசத்துல பத்து கிலோ"ன்னு வர்ற டயட் சார்ட் எல்லாம் 1,200, 1,000, 800னு போகுது. அந்த 36 பேரும் நல்ல உடல்வாகு உள்ள ஆம்பளைங்க, நிறைய நடந்தாங்க, அதனால நேரா ஒப்பிட முடியாது. ஆனாலும் எந்தப் பக்கத்துல நிக்கிறோம்னு தெரிஞ்சுக்க அந்த நம்பர் போதும்.

செம்பட்டை

பட்டினியை முடியில படிக்கத் தெரிஞ்சவங்க இன்னொரு பக்கம் இருந்தாங்க. ஏழைக் குழந்தைகளைப் பார்த்த டாக்டர்கள். 1930கள்ல ஆப்பிரிக்காவோட கோல்ட் கோஸ்ட்ல, அதாவது இன்றைய கானாவுல, வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ்ங்கிற டாக்டரம்மா ஒரு நோயைப் பத்தி எழுதினாங்க. அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நின்னு, மாவுக்கஞ்சி மட்டும் குடிச்சு வளர்ற மூத்த குழந்தைக்கு வர்ற நோய். உள்ளூர் கா மொழியில அதுக்குப் பேர் குவாஷியார்கர். கால் வீங்கும், தோல் உரியும், கறுப்பு முடி வெளுத்து மெலிஞ்சு போகும். சில குழந்தைங்க முடியில சாப்பாடு கிடைச்ச மாசம் கறுப்பு, கிடைக்காத மாசம் வெளுப்புன்னு பட்டை பட்டையா தெரியும். மருத்துவத்துல அதைக் "கொடி அடையாளம்"ங்கிற அர்த்தத்துல குறிப்பிடுவாங்க. நம்ம ஊர்லயும் சத்தில்லாத குழந்தையோட முடியைப் பார்த்து "செம்பட்டையா போச்சு"ன்னு சொல்ற பழக்கம் உண்டே.

1967ல அமெரிக்காவுல பிராட்ஃபீல்டும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணினாங்க. நல்ல ஆரோக்கியமா இருக்கிற ஆட்களுக்குச் சாப்பாட்டுல புரதத்தை நிறுத்திட்டு, அப்பப்போ சில முடியைப் பிடுங்கி வேரை மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. கொஞ்ச வாரத்துலயே வேர் மெலிஞ்சு சுருங்க ஆரம்பிச்சிடுச்சு. பார்வைக்கு ஆள் நல்லா தான் இருந்திருப்பார். முடி வேர் மட்டும் முந்திக்கிட்டுப் புகார் கொடுத்துடுச்சு.

இங்க எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. பசிக்கு ஒரு டிபார்ட்மென்ட், டயட்டுக்கு ஒரு டிபார்ட்மென்ட்னு மருத்துவமே பிரிஞ்சு கிடந்திருக்கு. பசி ஏழைங்களோடது, அதைப் பார்க்கிறது சத்துணவு விஞ்ஞானிகள். டயட் வசதியானவங்களோடது, அதை நடத்துறது புத்தக வியாபாரிகள். ஆனா உடம்புக்கு இந்தப் பிரிவினை தெரியாது. தட்டு ஏன் காலியா இருக்குன்னு வயிறு காரணம் கேட்காது. பஞ்சமா, பரிசோதனையா, கல்யாணப் போட்டோவுக்காகவான்னு முடி வேருக்குத் தெரியவே தெரியாது.

1976: ஒரே வருஷத்துல இரண்டு

டயட் பக்கத்துல என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு பாருங்க. 1954ல சிமியன்ஸ்னு ஒரு டாக்டர், இந்தியாவுல பல வருஷம் வேலை பார்த்துட்டு ரோம்ல செட்டில் ஆனவர், ஹார்மோன் ஊசியோட சேர்த்து நாளைக்கு 500 கலோரி டயட்டை அறிமுகப்படுத்தினார். 60கள், 70கள்ல வருஷத்துக்கு ஒரு டயட் புத்தகம் ஹிட் ஆகும்.

1976ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட பத்திரிகையில கெட்டே, ஓடம்னு இரண்டு தோல் டாக்டர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. ஒன்பது பேர். எல்லாரும் கடுமையா டயட் இருந்து எடையைக் குறைச்சவங்க. குறைச்சது ஆளைப் பொறுத்து சுமார் 12 கிலோவிலிருந்து 24 கிலோ வரைக்கும். டயட் ஆரம்பிச்ச இரண்டிலிருந்து ஐந்து மாசத்துக்குள்ள எல்லாருக்கும் கொத்துக் கொத்தா முடி கொட்டியிருக்கு. ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சதும் சில மாசத்துல முடி திரும்ப வளர்ந்துடுச்சு. கிளிக்மன் சொன்ன அதே டெலோஜன் எஃப்ளூவியம். கடைசியில ஒருவழியா இரண்டு நோட்டும் பக்கத்துல பக்கத்துல வந்துச்சு!

அதே 1976ல இன்னொண்ணும் வெளியாச்சு. ராபர்ட் லின்ங்கிற டாக்டர் எழுதின டயட் புத்தகம். அதோட பேருக்கு அர்த்தம் "கடைசி வாய்ப்பு டயட்". லட்சக்கணக்குல வித்துச்சு. சாப்பாடே வேண்டாம், திரவப் புரதம் மட்டும் குடிங்க, அவ்வளவு தான். நாளைக்கு 400 கலோரி அளவுல. அந்தப் புரதம் எதிலிருந்து வந்துச்சு? வெட்டுக்கூடத்துல மிஞ்சுற தோல், தசைநார், எலும்பு. அதைக் கரைச்சு, இனிப்பும் வாசனையும் சேர்த்து பாட்டில்ல அடைச்சது. அது கொலாஜன். உடம்புக்குக் கண்டிப்பா தேவையான டிரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலம் அதுல கிடையவே கிடையாது. பேர் தான் புரதம்.

1977ல இருந்து சாவுச் செய்திகள் வர ஆரம்பிச்சுது. மாசக்கணக்கா இதையே குடிச்சு இருந்தவங்க, பெரும்பாலும் பெண்கள், திடீர்னு இதயத்துடிப்பு தாறுமாறாகி விழுந்தாங்க. அமெரிக்க அரசாங்கத்துக்கு வந்த புகார்கள் மட்டும் சுமார் 60 சாவுகள். ஈசிஜியில இதயத்தோட மின்சாரமே தடம் புரண்டிருந்தது. மினசோட்டாவுல சுருங்கின இதயம் ஞாபகம் இருக்கா? அதே கதை, இன்னும் வேகமா.

400 கலோரிக்கும் கீழான புரத டயட் கடும் நோயையோ மரணத்தையோ உண்டாக்கலாம்னு இந்த மாதிரி பாட்டில் மேல எச்சரிக்கை அச்சடிக்கணும்ங்கிற விதி இன்னிக்கும் அமெரிக்கச் சட்டத்துல இருக்கு.

அந்த ஒன்பது பேரையும் இந்த அறுபது பேரையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தோணுறது இது தான். முடி கொட்டுறது அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினைன்னு நாம நினைக்கிறோம். உண்மையில அது உடம்பு அனுப்புற லாக் மெசேஜ். செலவைக் குறைக்கிறேன், ஆடம்பரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்னு சொல்லுது. நாம அதைப் படிக்காம எண்ணெயை மாத்துறோம்.

வைட்டமின் ஹெச்சும் பாட்டில் வியாபாரமும்

முடி கொட்டுதுன்னதும் மருந்துக்கடையில எடுத்துக் கொடுக்கிறது பயோட்டின். இதுக்கும் ஒரு டயட் சரித்திரம் இருக்கு. பச்சை முட்டை வெள்ளைக்கருவை நிறைய கொடுத்தா எலிக்குத் தோல் உரிஞ்சு முடி கொட்டும்னு 1920கள், 30கள்லயே பார்த்தாங்க. வெள்ளைக்கருவுல இருக்கிற அவிடின்ங்கிற புரதம் பயோட்டினைக் கெட்டியா பிடிச்சுக்கும், உடம்புக்கு விடாது. 1942ல சைடன்ஸ்ட்ரிக்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர், நாலு பேருக்குச் சாப்பாட்டுல பெரும்பங்கு பச்சை வெள்ளைக்கருவா கொடுத்து மனுஷங்களுக்கும் தோல் பாதிக்கும்னு காட்டி, பயோட்டின் கொடுத்துச் சரி பண்ணினார். இதுக்கு ஒரு காலத்துல வைட்டமின் ஹெச்னு பேர். ஜெர்மன்ல முடிக்கும் தோலுக்கும் உள்ள சொற்கள் இரண்டும் அந்த எழுத்துல தான் ஆரம்பிக்கும்.

குறைபாடு இருந்தா பயோட்டின் வேலை செய்யும். ஆனா குறைபாடு அபூர்வம். முட்டையை வேக வச்சாலே அவிடின் காலி. டயட்டால முடி கொட்டுறவங்களுக்குக் குறையுறது பெரும்பாலும் கலோரி, புரதம், இரும்புச்சத்து. அதை விட்டுட்டு இதை முழுங்குறோம். இன்னொரு விவகாரமும் இருக்கு. அதிக டோஸ் பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்ட்டைக் கூட தப்பா குறைச்சுக் காட்டலாம்னு 2017ல அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு. முடிக்கு மாத்திரை சாப்பிடுறவங்க பரிசோதனைக்குப் போறப்போ டாக்டர்கிட்டயும் லேப்லயும் சொல்லிடுங்க. இந்தப் பதிவுல இது ஒண்ணு ஞாபகம் இருந்தாலும் போதும்.

ஊசிக் காலம்

இப்போ எடை குறைக்க ஊசி வந்தாச்சு. செமாக்ளுடைட் அடங்கின வெகோவிக்கு 2021லயும், டிர்செபடைட் அடங்கின செப்பவுண்டுக்கு 2023லயும் எடை குறைப்புக்காக அமெரிக்க அனுமதி கிடைச்சது. 2025ல இந்த மருந்துகள் இந்தியாவுக்கும் வந்துடுச்சு. வெகோவி சோதனைகள்ல முடி கொட்டுறதா சொன்னவங்க 3 சதவீதம், சும்மா ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல 1 சதவீதம். செப்பவுண்டுல பெண்கள்ல 7.1 சதவீதம், ஆண்கள்ல 0.5 சதவீதம். அந்த மருந்தோட குறிப்பிலேயே, இது எடை குறையுறதோட தொடர்புடையதுன்னு எழுதியிருக்காங்க. அதாவது சுமார் ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி அந்த ஒன்பது பேர்கிட்ட பார்த்த அதே சங்கதி, புது சிரிஞ்சுல.

யார் மேல பழி?

எங்க டீம்ல இருந்த ஒரு பொண்ணு கதையைச் சொன்னா இது ஏன் முக்கியம்னு புரியும். கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கும்போது ஜிம், மோர், வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு ஆப்பிள். 13 கிலோ குறைஞ்சாங்க. கல்யாண ஆல்பம் அட்டகாசம். கல்யாணம் முடிஞ்ச சில வாரத்துல முடி கொட்ட ஆரம்பிச்சது. பாத்ரூம் ஜல்லடை அடைக்கிற அளவுக்கு. மாமியார் வீட்டுல, "முன்னாடியே இப்படித் தானா? சவுரி வச்சு மறைச்சுட்டாங்களா?"ன்னு ஜாடைமாடையா பேச்சு. பொண்ணோட அம்மா வீட்டுல, "அந்த வீட்டுத் தண்ணி சரியில்ல, அவளுக்கு நிம்மதியும் இல்ல போல"ன்னு பேச்சு. இரண்டு குடும்பத்துக்கும் நடுவுல ஒரு உரசலே வந்துடுச்சு. கடைசியில ஒரு தோல் டாக்டரம்மா தான் அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. "மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" ரத்தப் பரிசோதனையில இரும்புச்சத்து தரைமட்டம். முட்டை, பருப்பு, இரும்பு மாத்திரை, ஏழெட்டு மாசம் பொறுமை. முடி திரும்ப வந்துடுச்சு. பேசின பேச்சு?

இதனால தான் இந்த மூணு மாசக் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு நினைக்கிறேன். காரணமும் விளைவும் தள்ளித் தள்ளி இருந்தா, நடுவுல யார் நிக்கிறாங்களோ அவங்க தலையில பழி விழும். குழந்தையோட சிரிப்பு, புது வீட்டுத் தண்ணி, புது மருமக வந்த நேரம். ராணி வீட்டுல சீப்பு பிடிச்சவங்க.

எடை குறைக்கிறது தப்பே இல்லைங்க. சர்க்கரை, பிரஷர்னு இருக்கிறவங்க குறைச்சே ஆகணும். மெதுவா குறைங்க. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோன்னு சொல்றாங்க, அது போதும். தட்டுல சோறு குறையட்டும், பருப்பும் முட்டையும் மீனும் குறைய வேண்டாம். முடி கொட்டினா கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி காலண்டரை எடுத்து மூணு மாசம் பின்னாடி திருப்புங்க. அங்க ஒரு டயட்டோ காய்ச்சலோ இருந்தா பயப்படாதீங்க. விழுற முடிக்கு அடியில புதுசு முளைச்சுட்டு இருக்கு. அது வெளிய தெரிய ஆறு மாசம் ஆகும்.

உங்க வீட்டுல முடி கொட்டுறதுக்கு யார் மேல, எது மேல பழி போடுவாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க, பட்டியல் போட்டுடலாம் :-)

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. தைராய்டு, இரும்புக் குறைபாடு, பரம்பரை வழுக்கைன்னு முடி கொட்ட ஏகப்பட்ட காரணம் உண்டு. ஆறு மாசத்துக்கு மேல நிக்காம கொட்டினாலோ, வட்டமா சொட்டை விழுந்தாலோ, டயட்ல இருக்கும்போது நெஞ்சு படபடப்பும் மயக்கமும் வந்தாலோ இந்தப் பதிவை மூடிட்டு டாக்டர்கிட்ட போங்க.